பாய்லருக்கு ஒட்டுப் போட்டவர்

ஆமத்தூரிலிருந்து வரும் அந்த மெக்கானிக்கின் கருகிப்போன புருவம் மறுபடி முளைக்கவேயில்லை. செருப்பைக் கழற்றி, இரும்புக் கேட்டில் உள்ளங்கையை அழுத்திவிட்டுத்தான் உள்ளே வருவார். உடம்பின் நிலைமின்சாரத்தை இறக்கிவிட்டு வெடிமருந்து அறைக்குள் நுழையும் பட்டாசு கம்பெனிப் பழக்கம்; வேலையை விட்ட பிறகும் கை அதை மறக்கவில்லை.

என் பழைய வெந்நீர் பாய்லரைக் கவிழ்த்துப் பார்த்தார்.

"அடிச்செம்பு அரிச்சுப்போச்சு சார். புதுசு வாங்கிட்டீகன்னா என்னையக் கூப்பிடவே வேண்டாம்."

என் மனைவி இறந்தபின் அந்தக் கேட்டைத் திறந்து வருகிறவர் அவர் ஒருவர்தான்.

"ஒட்டே போடுங்க."

"ரொம்ப நாள் தாங்காதே."

"தெரியும்."

ஒட்டுப் போட்டுக் கிளம்பும்போது, கேட்காமலே சொன்னார்: "மழை முடியவும் வாரேன் சார். ஒழுகாட்டியும் வாரேன்."

அவர் வீட்டில் யார் இருக்கிறார்கள் என்று நான் கேட்டதேயில்லை.