காய்ச்சல் ரொட்டி

ஞாயிற்றுக்கிழமை காலையில் எங்கள் தெருமுனை ரொட்டிக்கடை வாசலில் இருபது பேராவது வரிசையில் நிற்கிறார்கள். மழை பெய்தாலும் நிற்கிறார்கள். சுடச்சுடக் காகிதப் பையை வாங்கிக்கொண்டு சிரித்த முகமாக வீட்டுக்குப் போகிறார்கள். ஜெர்மனிக்கு வந்த புதிதில் இதைப் பார்த்து, 'அட பாவமே, ஊரே படுத்துக் கிடக்கிறதா?' என்றுதான் நினைத்தேன். சிரிக்காதீர்கள். அருப்புக்கோட்டையிலிருந்து திருச்சுழி போகிற வழியில் ஒரு கரிசல்காட்டுக் கிராமத்தில் பிறந்திருந்தால் நீங்களும் அப்படித்தான் நினைத்திருப்பீர்கள். வாடகை வீட்டுக்குக் குடிவந்த அன்று கீழ்வீட்டு அம்மாள் ஒரு முழு ரொட்டியும், சின்னக் கிண்ணத்தில் உப்பும் கொண்டுவந்து நீட்டினார். "எனக்கு உடம்புக்கு ஒன்றுமில்லையே" என்றேன். என்னை ஏற இறங்கப் பார்த்தார். "ரொம்ப சந்தோஷம்" என்று சொல்லி, ரொட்டியை என் கையில் வைத்துவிட்டுப் போனார். புதுவீட்டுக்கு ரொட்டியும் உப்பும் தருவது அவர்கள் வழக்கமாம். எனக்கு அது ஒரு மாதம் கழித்துத்தான் தெரிந்தது.

எங்கள் பக்கம் ரொட்டி என்றால் நோயாளி சாப்பாடு. ஆஸ்பத்திரியில் கிடப்பவரைப் பார்க்கப் போகும்போது வாங்கிப்போவது. காய்ச்சல்காரப் பிள்ளைக்குப் பாலில் நனைத்து ஊட்டுவது. நல்லாயிருக்கிற மனுஷன் ரொட்டி தின்றால் அபசகுனம். ஆனால் நாக்கு என்று ஒன்று இருக்கிறதே! இரண்டாம் வகுப்புப் படிக்கும்போது ரொட்டி ஆசையில், அக்குளில் வெங்காயத்தை இடுக்கிக்கொண்டு போர்வைக்குள் முனகியிருக்கிறேன். அப்படி வைத்தால் காய்ச்சல் வரும் என்று பள்ளிக்கூடத்தில் பேச்சு. அம்மா நெற்றியைத் தொட்டாள், கழுத்தைத் தொட்டாள். வெங்காய வாடை அவளுக்கு அடிக்காமலா இருந்திருக்கும்? ஆனாலும் அய்யாவை டவுனுக்கு விரட்டி ரொட்டி வாங்கிவரச் சொன்னாள்.

மூன்று வருஷத்துக்கு முன்னால், ஒரு தை மாதம், மார்ட்டினாவை ஊருக்குக் கூட்டிப்போனேன். மார்ட்டினா என் மனைவி. கல்யாணம் இங்கேயே பதிவு அலுவலகத்தில் முடிந்திருந்தது. மருமகளை அம்மாவும் அய்யாவும் நேரில் பார்ப்பது அதுதான் முதல் தடவை. அம்மாவுக்கும் அவளுக்கும் பொதுவாக ஒரு மொழி கிடையாது. அதனால் என்ன, அம்மா தினமும் காலையில் குழிப்பணியாரம் சுட்டாள். ஒருநாள் இனிப்பு, ஒருநாள் காரம். தட்டு காலியாவதற்குள் இன்னும் நாலு விழும். மார்ட்டினாவுக்குப் பதிலுக்குத் தர ஒன்றே ஒன்றுதான் தெரியும். ஞாயிற்றுக்கிழமைகளில் எனக்குச் சுட்டுத் தரும் பின்னல் ரொட்டி. ஜடை மாதிரி மூன்று பிரியாகப் பின்னி, மேலே முட்டை தடவிச் சுடுவது. "என் கையால் இவர்கள் ஒருவாய் சாப்பிட வேண்டும். அப்போதுதான் நான் இந்த வீட்டுப் பெண்" என்றாள். மடப்பயல் நான், அப்போதே சொல்லியிருக்க வேண்டாமா? எனக்கே ரொட்டி அன்றாடச் சாப்பாடாகி வருஷக்கணக்காகிவிட்டதில், புத்தியில் உறைக்கவில்லை.

விடிவதற்கு முன்பே எழுந்து மாவு பிசைந்தாள். எங்கள் வீட்டில் ரொட்டி சுடும் ஓவன் அடுப்பு கிடையாது. அடிகனமான அண்டாவில் மணலைப் பரப்பி, உள்ளே தட்டை வைத்து மூடி, கேஸ் அடுப்பில் ஏற்றினோம். அரை மணி நேரத்தில் வாசனை தெருவுக்குப் போய்விட்டது. வாசனைக்குப் பின்னாலேயே பக்கத்து வீட்டு சரசு சித்தி, முந்தானையில் நாலு சாத்துக்குடியோடு வந்து நின்றாள்.

"யக்கா, யாருக்கு மேலுக்கு முடியல? மச்சானுக்கா?"

காட்டுக்குப் போய்விட்டு வந்த அய்யா அப்போதுதான் கால் கழுவிக்கொண்டிருந்தார். மார்ட்டினா தட்டை நீட்டினாள். இரண்டு எட்டு பின்னால் போனார்.

"எனக்கென்ன கேடு? நான் கல்லு மாதிரி இருக்கேன், எனக்கெதுக்குத் தாயி ரொட்டி?" என்று கூழ்ச் சொம்பை எடுத்துக்கொண்டார்.

மார்ட்டினாவுக்கு வார்த்தை புரியவில்லை. பின்னால் போன கால் புரிந்தது. தட்டைக் கையில் வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தாள். அவள் முகத்தைப் பார்க்க எனக்குத் தாங்கவில்லை. விளக்கலாமென்று வாயெடுத்தேன். அதற்குள் உள்ளே போயிருந்த அம்மா, நெற்றியில் துண்டை இறுக்கிக் கட்டிக்கொண்டு, போர்வையும் போர்த்தியபடி வெளியே வந்தாள்.

"எனக்குத்தான் சரசு. ராத்திரியிலருந்து ஒரே காந்தல். என் மருமகளுக்கு எப்பிடியோ தெரிஞ்சிருச்சு பாரு."

உட்கார்ந்து, கருப்பட்டிக் காப்பியில் நனைத்து நனைத்து மூன்று துண்டு சாப்பிட்டாள். மார்ட்டினா பதறிப்போய் அவள் நெற்றியைத் தொட்டாள். துண்டுக்குள்ளும் கையை விட்டுப் பார்த்தாள்.

"சில்லென்று இருக்கிறதே!" என்றாள் என்னிடம், ஜெர்மனில்.

"தெரியும்" என்று அந்த வெங்காயக் கதையைச் சொன்னேன். சிரித்தாள், சிரித்துக்கொண்டே அழுதாள். அய்யா தொண்டையைச் செருமி, "எனக்கும் லேசாத் தலவலிதான்" என்று ஒரு துண்டை எடுத்தார். சித்திக்கு இருமல் வந்துவிட்டது. அன்று எங்கள் வீட்டில் அத்தனை பேருக்கும் சீக்கு.

இப்போது இங்கே எனக்குக் காய்ச்சல் வந்தால் ரொட்டி இறங்குவதில்லை. இட்லிதான் வேண்டியிருக்கிறது. மார்ட்டினா அவித்துத் தருகிறாள், கொஞ்சம் கல்லாக. அங்கே அம்மாவுக்கு எங்களைப் பார்க்க ஆசை வந்தால், "ஏலே, மேலுக்கு முடியல, எப்ப வாரீக?" என்பாள். மூன்று வருஷமாகச் சிரித்துக்கொண்டே, "வாரோம்மா" என்கிறோம். போகத்தான் இல்லை.

போன ஞாயிற்றுக்கிழமை வீடியோவில் பேசும்போதும் அதையேதான் சொன்னாள். குரல் மட்டும் கரகரவென்றிருந்தது. நெற்றியில் துண்டு.

"நெசமாவாம்மா, இல்ல வெங்காயமா?" என்றேன்.

"தொட்டுப் பாத்தாத் தெரியும்."

பின்னலுக்கு மாவு பிசைந்துகொண்டிருந்த மார்ட்டினா, அந்த மாவுக் கையோடேயே போன் திரையைத் தொட்டாள். அம்மாவின் நெற்றியில் மாவு ஒட்டிக்கொண்டது.

"சுடுதா தாயி?" என்றாள் அம்மா.

திரை வெதுவெதுவென்றுதான் இருந்தது. ரொம்ப நேரம் பேசினால் போன் அப்படித்தான் சுடும். நானும் ஒருமுறை தொட்டுப் பார்த்தேன்.