பாதுகாவலர் கையொப்பம்

பிள்ளையாரை நம்புகிற உங்கள் முன்னால் என் வெட்கக்கேட்டை அவிழ்த்து வைக்கிறேன். சிரித்தால் குறை நினைக்க மாட்டேன்.

எனக்கு ஐம்பத்திரண்டு வயது. மனைவி தவறி மூன்று வருடம். மகள் தூரத்து வன்கூவரில். கனடாவின் பிறம்ரன் நகரில் நான் வேலை பார்த்த பண்டகசாலையை மூடிவிட்டார்கள். வீடுகளைச் சூடாக்கும் இயந்திரங்களைத் திருத்தப் படிக்கலாமென்று கல்லூரியில் சேர்ந்தேன். கடைசி வரிசை. பக்கத்துக் கதிரையில் என் குளிர்ச்சட்டை மட்டும். சில நாட்களில் காலையிலிருந்து இரவு வரை நான் வாய் திறந்து சொன்னது ஒன்றுதான்: "யெஸ் மிஸ்."

படிப்பித்தவர் தர்சினி. இங்கேயே பிறந்த தமிழ்ப்பிள்ளை, என் மகளின் வயது. மற்றவர்கள் அவரைப் பேர் சொல்லிக் கூப்பிடுவார்கள். நானோ அவர் உள்ளே வந்தால் எழுந்து நிற்பேன். விளங்கியதா என்று கேட்டால் தலையாட்டுவேன். ஒன்றும் விளங்கியிராது. யாழ்ப்பாணத்துப் பள்ளிக்கூடத்தில் பழகிய தலை, தானாக ஆடும்.

முதல் சோதனையில் கோட்டை விட்டேன். தாளில் எழுதியிருந்தார்: வியாழன் இரண்டு மணிக்கு என் அறைக்கு வரவும்.

எங்கள் காலத்தில் அறைக்குக் கூப்பிட்டால் ஒன்று பிரம்பு, இல்லையென்றால் வெளியே. இந்தப் படிப்பும் போனால் எனக்கு வேறு வழியில்லை. மூன்று நாள் சோறு இறங்கவில்லை. ஏன் சாப்பிடவில்லையென்று கேட்கவும் வீட்டில் ஆளில்லை.

மன்னிப்புக் கடிதம் எழுதினேன். பள்ளிக்காலப் பழக்கம், கை கடைசியில் 'பாதுகாவலர் கையொப்பம்' என்று எழுதிக் கோடும் கீறிவிட்டது. சிரித்தேன். பிறகு அந்தக் கோட்டையே பார்த்துக்கொண்டிருந்தேன். அதில் கையெழுத்து வைக்க இந்த நகரத்தில் எனக்கு ஒருவருமில்லை.

சுவாமிப் படத்துக்கு முன்னால் போனேன். முதலில் கேட்டது கேவலமான வேண்டுதல்: "பிள்ளையாரே, வியாழக்கிழமை அந்தப் பிள்ளைக்கு ஒரு சின்னத் தடிமன், தும்மல் வரப்பண்ணும்." உடனே வெட்கப்பட்டுத் தோப்புக்கரணம் போட்டேன். மூன்றாவதில் முழங்கால் பிடித்துக்கொண்டது. நிலத்தில் இருந்தபடியே உண்மையானதைக் கேட்டேன்: "அப்பனே, எனக்கெண்டு ஒராளை அனுப்பும்."

வியாழன் போனேன். தடிமன் கிடிமன் ஒன்றுமில்லை, திடமாக இருந்தார். கடிதத்தை இரண்டு கையாலும் நீட்டினேன்.

"ஐயோ அங்கிள், நான் ஏசக் கூப்பிடேல்லை. இது ஸ்ரூடன்ஸ் கேள்வி கேக்கிற ரைம். எவ்ரி வீக் கதவைத் திறந்து வச்சுக்கொண்டு இருக்கிறன். ஒருத்தரும் வாறேல்லை." கடிதத்தின் கடைசிக் கோட்டைத் தொட்டுக் காட்டினார். "உது என்ன, ஒண்டும் எழுதாம எம்ப்ரியா இருக்கு?"

சொன்னேன். அவர் சிரிக்கவில்லை. பேனையை எடுத்து அந்தக் கோட்டில் கையெழுத்து வைத்தார்.

"ஓகே. இப்பச் சொல்லுங்கோ, எது விளங்கேல்லை?"

"எல்லாம், மிஸ்."

அப்போதுதான் விழுந்து விழுந்து சிரித்தார்.

அதன் பிறகு ஒரு வியாழனும் தவறவிடவில்லை. அடுத்த சோதனையில் தேறினேன். வகுப்பில் கையை உயர்த்தி, விளங்கவில்லை என்று சொல்கிறேன். முன் வரிசையில் இரண்டு தலைகள் நிம்மதியாகத் திரும்பிப் பார்க்கின்றன, அவர்களுக்கும் விளங்கியிருக்கவில்லையாம். வீடு இன்னும் அமைதிதான். ஆனால் அந்தக் கடிதம் சுவாமிப் படத்தடியில் இருக்கிறது.

உங்களையும் யாராவது அறைக்குக் கூப்பிட்டால், அவருக்குத் தடிமன் கேட்காதீர்கள். உங்கள் வெறுங்கோட்டைப் பிள்ளையாரிடம் காட்டுங்கள். ஆளை அவர் பார்த்து வைத்திருப்பார். எழும்பிப் போகவேண்டியது மட்டும் நாங்கள்தான்.