சி.ஐ.டி. அக்கா தேடாத இடம்

எங்கள் ஆஸ்பத்திரியில் தரை துடைக்கிற அக்காவுக்கு நாங்கள் வைத்த பெயர் சி.ஐ.டி. முகத்துக்கு நேரேயே அப்படித்தான் கூப்பிடுவோம். அவளுக்கும் அதில் பெருமைதான். காணாமல் போன கம்பளியைச் சமையல்காரர் சைக்கிளிலிருந்து உருவி எடுத்தவள் அவள். சொந்தப் புருஷன் செருப்பையே திருப்பிப் பார்த்து, "இது எந்தத் தெரு மண்ணு?" என்று கேட்பாளாம். கேட்டிருப்பாள். இருபது வருஷம் குனிந்து நிமிர்ந்ததில் முட்டி இரண்டும் போய்விட்டன. வாய் மட்டும் அப்படியே இருந்தது.

நான் துணி அறைக்காரி. என் கை படாமல் ஒரு விரிப்பும் கட்டிலுக்குப் போகாது.

மூன்றாம் கட்டிலுக்குப் பதினேழு வயதுப் பெண் ஒருத்தி வந்தாள். சாப்பாட்டைக் கண்டாலே பயப்படுகிற நோய். எலும்பும் தோலுமாக இருந்துகொண்டு, தான் குண்டு என்று அழுவாள். நாடி ரொம்ப மெதுவாக அடித்தது. கழிப்பறைக்குத் தவிரக் கட்டிலை விட்டு இறங்கவே கூடாது என்றார் டாக்டரம்மா. வெள்ளிக்கிழமைக்குள் எடை இன்னும் இறங்கினால் வெளியூர்ப் பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பிவிடுவார்கள். அங்கே அம்மா கூட இருக்க முடியாது.

தட்டு தினமும் காலியாகத்தான் திரும்பியது. எடையோ இறங்கிக்கொண்டே போனது.

"எங்கேயோ கொட்டுறாங்கடி. என் கண்ணுல மண்ணைத் தூவ முடியுமா?" என்றாள் அக்கா.

தலையணையைப் பிதுக்கினாள். குப்பைக்கூடையைக் கிளறினாள். ஜன்னலுக்கு வெளியே எட்டிப் பார்த்தாள். பெண்ணின் அம்மா வைத்திருந்த பையை அக்கா பறித்துத் தலைகீழாகக் கொட்ட, அந்த அம்மா "என் பொண்ணு சாப்பாட்டை நான் ஏங்க திருடுறேன்?" என்று விம்மி விம்மி அழுதாள். சமையல்காரர் அளவைக் குறைக்கிறாரா என்று அக்கா தராசோடு நின்றாள். கடைசியில் அந்தத் தராசையே சந்தேகப்பட்டாள். கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு எதிரே உட்கார்ந்து, ஒவ்வொரு வாயும் உள்ளே போவதைப் பார்த்தாள். போகத்தான் செய்தது.

"இந்தப் பொண்ணு மேல தப்பே இல்லடி. இவ தங்கம்!" என்றாள் என்னிடம்.

தங்கம் என்று சொல்ல அவளுக்குக் காரணம் இருந்தது. மத்தியானம் நர்ஸுகள் சாப்பிடப் போகும் நேரத்தில், "முட்டி வலியோட ஏங்க்கா கஷ்டப்படுறீங்க? குடுங்க" என்று அந்தப் பெண் மாப்பை வாங்கி வராந்தா முழுவதும் துடைத்தாள். டாக்டரம்மா பேச்சு அக்காவுக்கு நினைவில்லாமல் இல்லை. "நாலு அடி நடந்தாத்தானே பசிக்கும்?" என்றாள். நானும் ஒருநாள் பார்த்துவிட்டு, "பரவாயில்லையே, பொண்ணு தேறிட்டாளே" என்று சிரித்தேன். இப்போது நினைத்தால் என்னை நானே அறைந்துகொள்ளத் தோன்றுகிறது.

புதன்கிழமை மூன்றாம் கட்டில் விரிப்பு துவைக்க வந்தது. வியர்வையில் ஊறிக் கிடந்தது. குதிகால் படும் இடம் இரண்டிலும் நூல் விட்டிருந்தது. போட்டு ஒரு வாரம்கூட ஆகாத புது விரிப்பு. எனக்குச் சுருக்கென்றது. அக்காவிடம் கொண்டுபோய் விரித்துக் காட்டினேன்.

"படுத்தே கிடக்கிறவ துணி இப்படித் தேயுமாக்கா?"

அக்கா அந்த இடத்தை விரலால் தடவினாள். "போர்வைக்குள்ள காலை ஆட்டிக்கிட்டே கிடந்திருக்காடி... நாள் பூரா." பிறகு மூலையில் இருந்த மாப்பைப் பார்த்தாள். முகம் செத்துப்போனது. "ஐயையோ! ஊரையெல்லாம் சோதிச்சேன். கையில எடுத்துக் குடுத்தவ நான்தானே!"

"வேலை போயிடும்க்கா, யோசிச்சுப் பேசுங்க" என்றேன்.

"போகட்டும். அந்தப் புள்ள போயிட்டா?"

நேரே டாக்டரம்மாவிடம் போய் எல்லாவற்றையும் சொன்னாள். அவர் கத்தவில்லை. "சாப்பிடாம இருக்கிறது மட்டும் இல்லம்மா இந்த நோய். சாப்பிட்டதை எப்படியாவது கரைச்சே ஆகணும்னு உள்ளே இருந்து விரட்டிக்கிட்டே இருக்கும். அதைச் சுறுசுறுப்புன்னு எல்லாரும் பாராட்டிடுவாங்க. சாப்பிட்ட பிறகுதான் அவளுக்கு ரொம்பக் கஷ்டம். அப்போ யாராவது பக்கத்துல உட்காரணும்" என்றார். சூப்பர்வைசர்தான் அக்காவை நிற்கவைத்துத் திட்டினார். இன்னொரு முறை நடந்தால் வீட்டுக்குப் போகலாம் என்றார். அக்கா முதலில் அந்தப் பெண்ணின் அம்மாவிடம் போய் மன்னிப்புக் கேட்டாள்.

வெள்ளிக்கிழமை காலை எடை பார்க்கும் முன், எடையைக் கூட்டிக் காட்டப் பெண்ணின் சட்டைப் பையில் கல் இருக்கிறதா என்று அக்கா தடவிப் பார்த்தாள். புத்தி எங்கே போகும்! கல் இல்லை. எடை ஏறவில்லை, ஆனால் இறங்கவும் இல்லை. டாக்டரம்மா இன்னும் ஒரு வாரம் பார்க்கலாம் என்றார்.

அன்று மத்தியானம் சாப்பாட்டுக்குப் பிறகு அக்கா கட்டிலோரம் உட்கார்ந்து போர்வை மேல் கை வைத்தாள். உள்ளே கால் துடித்துக்கொண்டிருந்தது. நான் விரிப்போடு வாசலில் நின்றேன்.

"எல்லாரையும் சந்தேகப்பட்டீங்களே, என்னை மட்டும் ஏங்க்கா நம்புனீங்க?" என்று கேட்டாள் அந்தப் பெண்.

"என் வேலையை நீ செஞ்சே. எனக்குச் சுகமா இருந்துச்சு" என்றாள் அக்கா.

கொஞ்ச நேரம் கழித்து அந்தப் பெண் அழ ஆரம்பித்தாள். "முடியலக்கா. அஞ்சே நிமிஷம் மாப்பைக் குடுங்க."

அக்கா போர்வை மேலிருந்து கையை எடுக்கவில்லை. அந்தப் பெண் அவள் கையைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டாள்.

"குடுக்க மாட்டேன்னு சொல்லுங்கக்கா."

"குடுக்க மாட்டேன்."

"நான் எத்தனை தடவை கேட்டாலும்..."

"எத்தனை தடவை கேட்டாலும் குடுக்க மாட்டேன்டி" என்றாள் அக்கா.