ஆறு கிராம் ஊசி

இதை எழுதலாமா என்று ஓராண்டு தயங்கினேன். பொருள்களைச் சோதித்து மதிப்பெண் போடுவது என் தொழில். அளந்து பார்க்காத எதையும் இதுவரை நான் எழுதியதில்லை. இங்கே வரும் நேரங்களும் எடைகளும் என் சோதனைக் குறிப்பேட்டிலிருந்து அப்படியே எடுத்தவை. நம்ப இயலாதவர்கள் மீது எனக்கு வருத்தமில்லை; அவர்கள் இடத்தில் இருந்திருந்தால் நானும் நம்பியிருக்க மாட்டேன். ஆனால் நான் அங்கே இருந்தேன்.

என் பெயர் போக்னா. போலந்தின் லூப்ளின் நகரில், நுகர்வோருக்கான சிறு மாத இதழ் ஒன்றில் பணியாற்றுகிறேன். சென்ற ஆண்டு நவம்பரில், பண்டிகைக்குப் பரிசளிக்க ஏற்ற ரெக்கார்ட் பிளேயர் ஒன்றை மதிப்பிடும் வேலை எனக்கு வந்தது. சிறிய பெட்டி. திறந்தால் சுழலும் தட்டு, ஊசிக்கை, ஸ்பீக்கர் எல்லாம் அதற்குள்ளேயே. விலை அறுநூறு ஸ்வோத்திக்குள். வீட்டில் சாதாரணமாகப் பாட்டுக் கேட்பவர்கள் இதை வாங்கலாமா, கூடாதா என்று மட்டும் சொன்னால் போதும் என்றார் ஆசிரியர் லுட்விகா அம்மையார். சென்ற முறை வாஃபிள் பணியாரம் சுடும் கருவியைப் பற்றி நான் கவிதை எழுதிவிட்டேனாம். இந்த முறை மதிப்பெண் மட்டும் போதுமாம்.

அலுவலகத்தில் சாலை இரைச்சல் அதிகம். ஆகவே பெட்டியை வீட்டுக்கு எடுத்து வந்தேன். மூன்றாம் மாடி. சுவருக்கு அப்பால் ஸெனோன் ஐயா வசிக்கிறார். மின்கம்பியில் ஓடும் டிராலிபஸ்களின் ஓய்வுபெற்ற ஓட்டுநர், வயது எழுபத்தெட்டு. மனைவி ஒட்டிலியா இறந்து பதினொரு ஆண்டுகள் ஆகின்றன. நான் குடிவந்து நான்கு ஆண்டுகள்தான் ஆகின்றன என்பதால் அந்த அம்மையாரை நான் பார்த்ததே இல்லை.

திங்கள்கிழமை மாலை முதல் பாட்டை ஒலிக்கவிட்டேன். ஐந்தே நிமிடத்தில் அவர் வாசலில் நின்றார். இரைச்சல் என்று குறைகூற வந்திருக்கிறார் என்று எண்ணி மன்னிப்புக் கேட்டேன். அதற்காக அவர் வரவில்லை. கையில், துணியில் சுற்றிய ஒரு பாட்டு அஞ்சலட்டை இருந்தது. எங்கள் நாட்டுப் பெரியவர்கள் அநேகமாக எல்லாரிடமும் ஒன்றாவது இருக்கும். சதுர வாழ்த்து அட்டை. அதன் மேல் மெல்லிய பிளாஸ்டிக் பூச்சு. அந்தப் பூச்சில் ஒரு பாட்டு. 1968-ல் அவர் ராணுவத்தில் இருந்தபோது ஒட்டிலியா அனுப்பியதாம். பாட்டுக்கு முன்பு அந்த அம்மையாரின் குரலே நான்கைந்து நொடிகள் வருமாம். வீட்டிலிருந்த பழைய பிளேயர் பழுதான பிறகு அதைக் கேட்க வழியில்லாமல் போய்விட்டது.

"மெஷின் நல்லாருக்கா, போக்னாம்மா?"

"இன்னும் முழுசாப் பாக்கல ஐயா. ரெண்டு நாள் ஆகும்."

"எனக்கு மூணு நாள்தான் இருக்கு." என் முகத்தைப் பார்த்துவிட்டுச் சிரித்தார். "சாகப் போறேன்னு நெனச்சுக்காதீங்க. காதுக்குத்தான் மூணு நாள்."

இடது காது எப்போதோ போய்விட்டது. வலது காதுக்குப் பின்னால் ஒரு கட்டி. வியாழக்கிழமை அறுவை சிகிச்சை. உயிருக்குப் பயமில்லை, ஆனால் கேட்கும் திறன் மிஞ்சாது என்று மருத்துவர் தெளிவாகச் சொல்லிவிட்டார். அதற்குள் ஒரே ஒரு முறை அந்தக் குரலைக் கேட்க வேண்டும்.

என் கவலை வேறு. மலிவான பெட்டிகளில் ஊசி பாரமாக அழுத்தும். நல்ல கருவியில் இரண்டு கிராம் இருந்தால், இவற்றில் மூன்று மடங்கு இருக்கும். அரை நூற்றாண்டுப் பழைய, மிருதுவான பூச்சு அதைத் தாங்காது. ஒரே ஓட்டத்தில் குரலைச் சீவி எறிந்துவிடலாம். அலுவலகத்தின் நல்ல பிளேயரோ பழுதுபார்க்க வார்சா போயிருந்தது. வர இரண்டு வாரம் ஆகும். அளந்து பார்த்துப் புதன்கிழமை சொல்கிறேன் என்றேன். ஸ்பீக்கரில் ஏதோ முனகல் கேட்கிறது, கீழே டிராலிபஸ் கம்பியாக இருக்கலாம் என்றும் சொல்லி வைத்தேன். அவருக்கு ரோஷம் வந்துவிட்டது.

"முப்பத்தோரு வருஷம் ஓட்டுனேன். என் பஸ்சு யார் வீட்டுக்குள்ளயும் வந்து பேசினதில்ல."

செவ்வாய்க்கிழமை, பிற்பகல் 3.20. சிறு தராசில் ஊசியை இறக்கி எடை பார்த்தேன். ஆறு கிராம். மூன்று முறையும் ஆறு கிராம். குறைப்பதற்குத் திருகு எதுவும் ஊசிக்கையில் இல்லை. என் விடை அப்போதே கிடைத்துவிட்டது. வேலையை முடித்துவிடுவோம் என்று தொடர்ந்தேன்.

3.41. வெளியே ஏறக்குறைய இருட்டிவிட்டது. எங்கள் சோதனை இசைத்தட்டின் முதல் பக்கத்தில், ஒலியே பதியாத வரிகள், அதாவது ஊசி ஓடும் மெல்லிய பள்ளங்கள், உண்டு. ஊசி அவற்றில் ஓடும்போது மோட்டாரின் முனகல் மட்டுமே கேட்க வேண்டும். கேட்டது. கூடவே இன்னொன்றும் கேட்டது.

மூச்சு.

பேசத் தொடங்குமுன் ஒருவர் உள்ளிழுப்பாரே... அந்த மூச்சு.

ஜன்னலில் பார்த்தேன். சாலையில் பஸ் இல்லை. யாருடைய கைபேசியாவது பெட்டியோடு இணைந்திருக்கலாம் என்று ப்ளூடூத்தை அணைத்தேன். ஊசியை வேறிடத்தில் வைத்தேன். மூச்சு வந்தது. இன்னும் உள்ளே தள்ளி வைத்தேன். அங்கும் வந்தது. ஊசி தொட்ட பதினோராவது நொடியில். ஒவ்வொரு முறையும் பதினோராவது நொடியில்.

தட்டில் கீறல் இருந்தால் ஒரே இடத்தில்தான் ஒலி வர வேண்டும். இது நான் வைத்த இடமெல்லாம் வந்தது.

3.52. தட்டைத் திருப்பினேன். மறுபக்கம் கண்ணாடிபோல் வழவழப்பானது. அதில் வரியே கிடையாது. ஊசிக்கை எவ்வளவு விரைவாக உள்நோக்கிச் சரிகிறது என்று பார்க்க எங்களைப் போன்றவர்கள் மட்டும் பயன்படுத்தும் பக்கம் அது. ஓரத்தில் ஊசியை இறக்கினேன். சரிந்தது.

நடுவழியில் நின்றது.

நிற்கக் கூடாது. பிடித்து நிறுத்த அங்கே எதுவும் இல்லை.

தட்டு சுழன்றுகொண்டிருந்தது. ஊசி அசையவில்லை. ஒன்பது... பத்து...

மூச்சு.

பிறகு ஒரு பெண்குரல். நிதானமான, மரியாதையான குரல். தொலைபேசியில் கேட்பதுபோல்.

"ஸெனோன் இருக்காரா?"

மின்கம்பியைப் பிடுங்கினேன். சிவப்பு விளக்கு அணைந்தது. தட்டு மெல்ல மெல்ல நின்றது. 3.54.

"...இருக்காரா?"

மேலங்கியை எடுத்துக்கொண்டு வெளியேறினேன். ஆறு மணிவரை மாடிப்படியில் உட்கார்ந்திருந்தேன். யாரிடமும் எதுவும் சொல்லவில்லை.

புதன்கிழமை 3.45-க்கு ஸெனோன் ஐயா வந்தார். சவரம் செய்து, வெள்ளைச் சட்டை அணிந்திருந்தார். மறுப்பதற்கு என்னிடம் ஓர் உண்மையான காரணம் இருந்தது. அது எனக்கு எவ்வளவு ஆறுதலாயிருந்தது என்பதைச் சொல்ல வெட்கப்படுகிறேன்.

"ஆறு கிராம் ஐயா. ரொம்ப அதிகம். வேண்டாம்."

"வெச்சா என்னாகும்?"

"முதல் தடவையிலேயே அவங்க குரல் வழிச்சுக்கிட்டுப் போயிடலாம்."

வாசலருகே, செருப்பு மாட்ட உட்காரும் பலகையில் உட்கார்ந்தார்.

"நாளைக்கு மத்தியானம் எனக்கு இது வெறும் அட்டை," என்றார். "யாருக்குன்னு பத்திரமா வெக்கிறது? நான் போனப்புறம் என் தங்கச்சி மக குப்பையில போடுவா. நல்ல பொண்ணுதான். ஆனா போடுவா."

என் மதிப்பீட்டுப் படிவத்தில் இதற்குக் கட்டம் இல்லை. பெட்டியைத் திறந்தேன்.

4.10. அட்டையைத் தட்டில் வைத்தோம். நழுவாமலிருக்க அதன்மேல் ஒரு பழைய நாணயத்தை வைத்தார். வலது காதை ஸ்பீக்கருக்கு அருகில் கொண்டுபோனார். ஊசியை நான் இறக்கினேன். அப்போது ஒரு பிழை செய்தேன். வரி தொடங்கும் இடத்தில் வைக்காமல், சோதனைப் பழக்கத்தில், விளிம்பை ஒட்டி வைத்துவிட்டேன்.

எடுக்கக் கையை நீட்டினேன். அவர் என் கையைப் பிடித்துக்கொண்டார்.

ஒன்பது... பத்து...

மூச்சு.

"ஸெனோன், நான் ஒட்டிலியா. வேளைக்குச் சாப்பிடு. குளிர்ல தொப்பியில்லாம நிக்காத."

அதே குரல். செவ்வாய்க்கிழமைக் குரல்.

அவர் தலையாட்டினார். கன்னங்கள் நனைந்திருந்தன. "இதான். இவ்ளோதான்," என்று என்னிடம் கிசுகிசுத்தார். "இனிமே பாட்டு."

பாட்டு வரவில்லை.

ஊசியைப் பார்த்தேன். வைத்த இடத்திலேயே இருந்தது.

மீண்டும் மூச்சு.

"நாளைக்கு எத்தன மணிக்கு?"

அவரைப் பார்த்தேன். அவர் திடுக்கிடவில்லை.

"காலைல எட்டுக்கு, ஒட்டிலியா."

"சரி... வந்துடறேன்."

ஊசி நகர்ந்தது.

உடனே பாட்டு. கரகரவென்று ஒரு டாங்கோ. ஊசிமுனையில் வெள்ளைத் துகள் சுருள் சுருளாகச் சேர்ந்தது. முடிந்தபோது 4.14. அவர் அட்டையைத் துணியில் சுற்றினார். வாசலில் நின்று, என்னவோ நான்தான் விளையாடிவிட்டதுபோல், "ஆறு கிராம், ஏழு கிராம்னு கெழவனப் பயமுறுத்திட்டீங்களே," என்று சொல்லிவிட்டுப் போனார்.

அன்றிரவு நான் உறங்கவில்லை. வந்துவிடுகிறேன் என்றால் என்ன பொருள் என்று எனக்குத் தெரிந்திருந்தது. அல்லது தெரியும் என்று நினைத்தேன்.

வியாழக்கிழமை காலை 7.30-க்கே மருத்துவமனைத் தாழ்வாரத்தில் நின்றேன். சரியாக எட்டுக்கு அவரை உள்ளே தள்ளிச் சென்றார்கள். 11.40-க்கு மருத்துவர் வெளியே வந்தார். எல்லாம் நல்லபடியாக முடிந்தது என்றார். காது மட்டும், முன்பே சொன்னபடி. தாழ்வாரத்திலேயே அழுதுவிட்டேன். அருகிலிருந்த தாதி, மகளா என்று கேட்டார்.

ஆறு நாள் கழித்து அவர் வீடு திரும்பினார். எப்படி இருக்கிறீர்கள் என்று தாளில் எழுதிக் காட்டினேன். நன்றாக இருப்பதாகச் சொன்னார். பிறகு, நான் கேட்காமலேயே, "சொன்ன மாதிரி வந்துட்டா," என்றார். அந்தப் பெட்டியை மட்டும் கேட்டார். நிறுவனத்தார் அதைத் திருப்பிக் கேட்கவில்லை. என் வீட்டை விட்டு அது போனால் போதும் என்று நானே கொண்டுபோய்க் கொடுத்தேன். ஊசி பாரம், அட்டையை வைக்க வேண்டாம் என்று எழுதியும் கொடுத்தேன். படித்துவிட்டுச் சிரித்தார். இதழில் ஐந்துக்கு இரண்டு மதிப்பெண் போட்டேன். வேறெதுவும் எழுதவில்லை.

ஜனவரியில் அட்டையை ஒருநாள் இரவலாகக் கேட்டேன். அதற்குள் ஐந்து வாரமாக அவர் அதைத் தினமும் பெட்டியில் வைத்து ஊசியை இறக்கிக்கொண்டிருந்தார். எவ்வளவு சேதம் என்று அறிய விரும்பினேன். அந்தக் காலத்தில் கடைவீதியில் இத்தகைய அட்டைகளை அச்சடித்த கயெட்டான் என்பவரிடம் எடுத்துச் சென்றேன். அவர் பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தார்.

"பாட்டுல ஒரே ஒரு வாட்டிதான் ஊசி ஓட்டிருக்கீங்க. அதுலயே அது போச்சு," என்றார்.

"முன்னாடி வர்ற வாழ்த்து?"

"எந்த வாழ்த்து?"

அட்டையை வெளிச்சத்தில் சாய்த்துக் காட்டினார். விளிம்பிலிருந்து பாட்டு தொடங்கும்வரை ஒரு விரல் அகலத்துக்கு வெறும் பூச்சு. வரி இல்லை. எந்தக் காலத்திலும் இருந்ததில்லை. இந்த வகையில் ஆயிரக்கணக்கில் ஒன்றுபோலவே அச்சானதாம்; யாருடைய குரலையும் சேர்த்துப் பதிய வழியே இல்லையாம்.

அந்த ஓரத்தில் ஆறு கிராம் ஊசியை வைத்தோம் என்றேன். அவர் மறுபடி பார்த்தார். நிதானமாக, சுற்றிலும் பார்த்தார்.

"வெச்சிருந்தா உழுத மாதிரி இருக்கும்மா. இங்க ஒரு கீறல்கூட இல்ல. இதுமேல ஊசி பட்டதே இல்ல."

அவரிடமே அதேபோன்ற இன்னோர் அட்டையை வாங்கி வந்து, அலுவலகத்தில் இன்னொரு மலிவுப் பெட்டியில் நானே அளந்தேன். வழவழப்பான அந்த ஓரத்தில் ஊசி நிற்பதில்லை. இரண்டு நொடியில் பாட்டுக்குள் சரிந்துவிடுகிறது. இருபது முறை வைத்தேன். இருபது முறையும் இரண்டு நொடி. ஆழமாக ஒரு கீறலும் விழுந்தது.

ஸெனோன் ஐயாவுக்கு இப்போது வாசல் மணி கேட்பதில்லை. கதவை எவ்வளவு தட்டினாலும் கேட்பதில்லை. ஆனால் தினமும் 4.10-க்குச் சுவருக்கு அப்பால் அந்தப் பெட்டியின் மூடி திறக்கும் ஓசை கேட்கிறது. மோட்டார் முனகுகிறது. பிறகு அவர் பேசுகிறார். சற்று நிறுத்துகிறார். பதில் சொல்கிறார். சில நாள் சிரிக்கிறார். நான் சுவரில் காதை வைத்துக் கேட்டிருக்கிறேன். அவர் குரல் மட்டும்தான்.

பாட்டு வருவதே இல்லை.

நேற்று நேரம் குறித்தேன். ஊசி வைத்தது 4.10. எடுத்தது 4.50.

நாற்பது நிமிடம்.