இருமல் வண்டி, ரெண்டாவது பிளாட்பாரம்

“என் தொண்டை என்ன உங்க வீட்டு ரேடியோவா, திருகிக் குறைக்கிறதுக்கு?” என்று பஸ் நிலைய மேனேஜரைப் பார்த்துக் கத்திவிட்டாள் சங்கு. பாவம், அந்த மனிதர் “கொஞ்சம் மெதுவாப் பேசும்மா” என்றுதான் சொன்னார்.

பெற்றவர்கள் வைத்த பேர் வேறு. மில்லில் ஊதுகிற சங்கு மாதிரிக் குரல் என்று கூடப் பெருக்குகிறவர்கள் வைத்த பேர் இது. பதினெட்டு வருஷமாக அந்த நிலையத்தைப் பெருக்குகிறாள். பெருக்கின இடத்திலேயே துப்பிவிட்டுப் போகிறவன் பின்னால் கத்திக் கத்தியே வளர்ந்த தொண்டை. அவள் வாயைத் திறந்தால் புருஷன்காரன் எழுந்துபோய் ஜன்னலைச் சாத்துவான், அக்கம்பக்கத்துக்குப் பயந்து. அந்தக் குரலால் ஒரு காரியம் ஆகும் என்று அவளுக்கே தோன்றியதில்லை.

அன்று பார்த்து மைக்கில் அறிவிக்கிற அம்மாவுக்குத் தொண்டை கட்டிக்கொண்டது. வாயைத் திறந்தால் வெறும் காற்று. மேனேஜர் நாலு பக்கமும் பார்த்தார். சற்று முன் திட்டினவள்தான் கண்ணில் பட்டாள்.

“வாம்மா. இந்தத் தாள்ல இருக்கிற நம்பரைப் படிச்சாப் போதும்.”

“படிக்கத் தெரிஞ்சா நான் எதுக்கு சார் துடைப்பம் பிடிக்கிறேன்?”

“அப்ப எந்த வண்டி எதுன்னு எப்படிக் கண்டுபிடிப்ப?”

“காதாலதான்.”

பொய்யில்லை. குனிந்து பெருக்குகிறவளுக்கு வண்டியின் முகமா தெரியும்? சத்தம்தான் தெரியும். வளைவில் திரும்பும்போதே இன்ன வண்டி என்று சொல்லிவிடுவாள். பெருக்குகிறவர்கள் ஒவ்வொரு வண்டிக்கும் ஒரு பேர் வைத்திருந்தார்கள். மைக்கைப் பிடித்ததும் வாயில் அந்தப் பேர்தான் வந்தது.

“எல்லாரும் கேட்டுக்குங்க! இருமல் வண்டி வருது, ரெண்டாவது பிளாட்பாரம்! ஆஸ்பத்திரி வழியாத்தான் போகுது!”

நிலையமே திகைத்து நின்றது. லொக்கு லொக்கென்று புகையைக் கக்கிக்கொண்டு வண்டி உள்ளே நுழைந்ததும் கொல்லென்று ஒரு சிரிப்பு. சிரித்தவர்கள் அத்தனை பேரும் சரியான இடத்துக்கு ஓடினார்கள். அடுத்தது சீமாட்டி. “மெதுவாத்தான் வருவா, ஓடாதீங்க!” அப்புறம் கதவறைஞ்சான். “கையை உள்ள இழுத்துக்குங்க!” ஒவ்வொரு தடவையும் ஊரே திரும்பிப் பார்த்தது. சங்குக்கு உள்ளங்கால் முதல் உச்சந்தலை வரை குறுகுறுத்தது. சோற்று மூட்டையைப் பிரிக்கக்கூட மறந்துபோனாள்.

சாயங்காலம் இருமல் வண்டி டிரைவர் மேனேஜர் அறைக்குள் பாய்ந்தார். “என் வண்டிக்கு என்ன டிபியா? வழியெல்லாம் சிரிக்கிறான் சார்!”

“நீங்க அது இருமறத நிறுத்துங்கண்ணே, நானும் நிறுத்துறேன்” என்றாள் சங்கு.

அவ்வளவுதான், மறுநாள் கைக்குத் துடைப்பம் திரும்பி வந்தது. பதினெட்டு வருஷம் கனக்காத துடைப்பம் அன்று கனத்தது. மைக்கில் விசாரணை கிளார்க் மூக்கால் நம்பர் படித்தார். ஒருத்தரும் அசையவில்லை. இருமல் வண்டி பாதி காலியாகக் கிளம்பியது. ஏற வேண்டிய மீதிப்பேர் விசாரணை ஜன்னலை மொய்த்துக்கொண்டு, “இருமல் வண்டி போயிடுச்சா? சீமாட்டி எப்ப வருவா?” என்று கிளார்க்கைப் பிய்த்து எடுத்தார்கள்.

மத்தியானம் டிரைவரே வந்து நின்றார். “சார், அந்தம்மாவையே கூப்பிடுங்க. இருமல்னே சொல்லித் தொலைக்கட்டும். காலி வண்டியை ஓட்டுறது அதைவிட அசிங்கமா இருக்கு.”

மேனேஜர் சங்கைக் கூப்பிட்டார். “காலையில மைக், மத்தியானம் துடைப்பம். சம்மதமா?”

“மத்தியானமும் மைக்கே குடுத்தாலும் கோவிச்சுக்க மாட்டேன் சார்.”

“ஆசையைப் பாரு!” என்று சிரித்துவிட்டார் அவர். தொண்டை கட்டின அம்மா, தனக்கு மத்தியானம் போதும் என்று கையாலேயே சைகை காட்டினாள்.

அன்றைக்கே கடைக்கு ஓடினாள் சங்கு. இனி காலை முழுக்கப் பேசவேண்டும், தொண்டைக்கு வெந்நீர் வேண்டாமா? “அந்தச் சிவப்பு பிளாஸ்க் எவ்வளவுண்ணே?” என்று மைக்கில் கேட்கிற குரலிலேயே கேட்டாள். கடையில் இருந்தவர்கள் எல்லாரும் திரும்பினார்கள். அறுநூறு என்று ஒட்டியிருந்ததை, கடைக்காரர் காதைத் தேய்த்துக்கொண்டே நானூற்றைம்பதுக்குக் கொடுத்தார்.