முழுத் தேக்கு

ஓய்வு பெற்ற மறு மாதமே லேப்காரர் உப்புத்தாளும் கையுமாக அலைய ஆரம்பித்துவிட்டார். பள்ளி ஆய்வகத்தில் முப்பத்து நான்கு வருஷம் அமிலங்களைச் சொட்டுப் பிசகாமல் கலந்து கொடுத்த கை சும்மா இருக்குமா? ஆட்டம் கண்ட நாற்காலியும் சாயம் போன முக்காலியும் பின்பக்க அறைக்கு ஒவ்வொன்றாக வந்து சேர்ந்தன. யார் வீட்டு மேஜை தள்ளாடினாலும், "லேப்காரர்கிட்ட குடுங்க, புதுசாக்கிருவார்" என்று தெருவில் பேச்சு வந்துவிட்டது.

மனைவியின் முகம் பார்க்கும் கண்ணாடி மேஜையில் மட்டும் அவர் கை வைத்ததில்லை. தனிக்குடித்தனம் வந்த அன்று மாமனார் வண்டியில் ஏற்றிவந்து இறக்கியது அது. வீட்டில் எந்தச் சண்டை எங்கே தொடங்கினாலும் அதில்தான் வந்து முடியும்.

"உங்க வீட்டுல என்ன குடுத்தாங்க? ஒரு பிளாஸ்டிக் வாளி. எங்கப்பா முழுத் தேக்கு குடுத்தாரு!"

மனைவி ஒரு வாரம் மகள் வீட்டுக்குக் கிளம்பியதும் அவருக்கு ஆசை வந்தது. திரும்பி வரும்போது மேஜை பளபளவென்று நிற்க வேண்டும். மேஜையிலிருந்து கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டுத் தேய்க்க உட்கார்ந்தார். ஒரு சாணுக்கு ஐம்பது இழுப்பு, அதுதான் அவர் கணக்கு. முப்பதாவது இழுப்பிலேயே தூளின் நிறம் வெளுத்தது. வேறு யாராயிருந்தாலும் கையை எடுத்திருப்பார்கள். எண்ண ஆரம்பித்ததை நடுவில் விட்டுப் பழக்கமில்லாத லேப்காரர் ஐம்பதையும் முடித்துவிட்டுத்தான் குனிந்து பார்த்தார். உள்ளங்கை அகலத்துக்குத் தேக்கைக் காணோம். அங்கே வெளிறிய ஏதோ மட்டமரம் பல்லை இளித்தது.

கூப்பிட்டதும் தச்சர் வந்து விரலால் தடவிப் பார்த்தார். "இது மேல ஒட்டின தோல் சார். காகிதக் கனம்தான் தேக்கு. யார் வாங்கினது?"

"மாமனார். முப்பது வருஷம் ஆச்சு."

"முப்பது வருஷமா ஏமாத்திட்டாரே!" என்று தச்சர் சிரித்தார்.

லேப்காரருக்கும் முதலில் சிரிப்புதான் வந்தது. பிளாஸ்டிக் வாளிக்குப் பதில் சொல்ல இதைவிட என்ன வேண்டும்? தச்சர் போன பிறகுதான் மாமனார் நினைவுக்கு வந்தார். துணிக்கடையில் நாள் முழுக்க நின்றே வேலை பார்த்த மனுஷன். வரும்போதெல்லாம் செருப்பைக் கழற்றிய கையோடு நேரே இந்த மேஜையிடம் போவார். துண்டால் துடைப்பார், மூலைகளை மட்டும் கட்டைவிரலால் அழுத்தி அழுத்திப் பார்ப்பார். "தேக்கு மேல அவ்வளவு ஆசை மாமா உங்களுக்கு" என்று இவர்கூடக் கேலி செய்திருக்கிறார். அவர் சிரித்துக்கொண்டே துடைப்பார். ஒட்டின தோல் ஓரத்தில் பெயர்ந்திருக்கிறதா என்று பார்த்திருக்கிறார், பாவம். சாகும்வரை பார்த்திருக்கிறார்.

லேப்காரர் அடர்த்தியாகச் சாயம் கலந்து அந்த இடத்தை மூடினார். மூடினாலும் திட்டாகத் தெரிந்தது.

ஊரிலிருந்து வந்தவள் பையைக்கூடக் கீழே வைக்கவில்லை. "என்னங்க இது? ஏன் இங்க மட்டும் கருப்பா இருக்கு?"

உண்மை நாக்கு நுனியில் நின்றது. விழுங்கினார். "சாயம் கலக்கறப்போ அளவு தப்பிப்போச்சு."

"உங்களுக்கா? அளவா?"

"வயசாச்சுல்ல."

அவள் பக்கத்தில் உட்கார்ந்து அந்தத் திட்டைத் தடவினாள். கண் கலங்கிவிட்டது. "இதுக்காக எங்கப்பா எத்தனை கடை ஏறி இறங்கினாரு தெரியுமா? உங்ககிட்ட வந்தா இந்தக் கதியா?"

"என் தப்புதான்."

மறுவாரம் பக்கத்து வீட்டுக்காரர் ஒரு நாற்காலியைத் தூக்கிக்கொண்டு வந்தார். மனைவி வாசலிலேயே அவரை மடக்கினாள். "அண்ணே, வேற ஆளைப் பாருங்க. முழுத் தேக்கையே பாழாக்கின மகராசன் இவரு. எங்கப்பா குடுத்த தேக்கு!"

பக்கத்து வீட்டுக்காரர் சங்கடத்தோடு உள்ளே எட்டிப் பார்த்தார்.

"அவ சொல்றது சரிதான்" என்றார் லேப்காரர். "அது நல்ல தேக்கு."