ஆவாரம்பட்டைக் குவியலுக்கடியில் ஒரு சிப்பாய்

சென்ற கல்லறைத் திருநாளன்று மாலை, வேலூரில் எங்கள் கோயில் கல்லறைத் தோட்டத்தில் எல்லாரும் தத்தம் சொந்தங்களுக்கு மெழுகுவர்த்தி ஏற்றிக்கொண்டிருந்தார்கள். அம்மா மட்டும் சாமந்திக் கூடையோடு நின்றாள். யுத்தத்தின்போது சுமை தூக்கும் படையில் சேர்ந்து கடல் கடந்து போன என் அண்ணன் பஸ்ராவில் இறந்தான் என்று சேதி வந்ததோடு சரி; எங்கே புதைத்தார்கள் என்று இன்றுவரை தெரியாது. கடைசியில், முள் மண்டிய மூலையில் கிடந்த ஒரு வெள்ளைக்காரச் சிப்பாயின் கல்லின்மேல் கூடையைக் கவிழ்த்துவிட்டாள்.

"இவனுக்கும் யாரும் வரலியே" என்றாள்.

அந்த நொடியில்தான் எனக்கு அந்த எண்ணம் வந்தது. நம் ஜில்லாவில் இப்படி இன்னும் எத்தனை பேரோ! தேடிப் போனால் என்ன?

அடுத்த சனிக்கிழமை நான் பாடம் சொல்லும் பள்ளிக்கூடம் விடுமுறை. காலையில் ஜட்காவில் காட்பாடிக்குப் போய், தலைக்கு ஒன்பதணா கொடுத்து அம்மாவும் நானும் ஆம்பூர் வண்டி ஏறினோம். முப்பது மைல். வண்டி நிற்குமுன்பே தோல் வாடை வரவேற்றது.

யுத்த காலத்தில் ரயிலிலேயே காய்ச்சலில் இறந்த ஒரு வெள்ளைக்காரச் சிப்பாயைக் கல்லறைத் தோட்டத்தின் கிழக்குச் சுவரோரம் அடக்கம் செய்ததாக அந்த ஊர்க் கோயில் உபதேசியார் சொன்னார். போய்ப் பார்த்தால் சுவரையே காணோம். பக்கத்துத் தோல் ஷாப்பில் பதனிட்டுக் கழித்த ஆவாரம்பட்டைதான் அங்கே இடுப்பளவு குவிந்து கிடந்தது.

ஷாப் மேஸ்திரி கரீம் பாயைப் பிடித்தேன். "என்ன பாய், கல்லறை மேலயா கொட்டுவீங்க?"

"செவுரு வுழுந்துடுச்சு டீச்சரம்மா. காலி எடம்னு கொட்டிட்டோம். உள்ள ஒருத்தர் படுத்துக்கினு இருக்காருன்னு யாருக்குத் தெரியும்?" என்றவர், மூங்கில் கூடையோடு தாமே முதலில் இறங்கினார்.

நண்பகலில் கல் தென்பட்டது. எனக்கு எப்போதும் அவசரம். கொண்டுபோயிருந்த களைக்கொத்தியால் எழுத்துகளைச் சுரண்டினேன்.

"இரும்பு வெக்காதம்மா!" என்று பாய் கத்துவதற்குள், ஊறிய கல் மை கொட்டினாற்போல் கறுத்துவிட்டது.

"பட்டைச் சாறுல இரும்பு பட்டா அப்படித்தான். தோலா இருந்தா மொதலாளி உன்னை ஜோலார்பேட்டை வரைக்கும் தொரத்தியிருப்பாரு!"

அவர் சிரித்தார், நான் களைக்கொத்தியைத் தூரப் போட்டேன். அம்மா முந்தானையை நனைத்துக் கல்லைத் துடைத்தாள். மேலே இருந்த கறுப்பு போயிற்று. எழுத்துக் குழிகளில் மட்டும் தங்கியதால் படிக்க முடிந்தது. வில்லியம், வயது இருபது.

"இவனோட அம்மா பேரு போட்டிருக்கா?" என்று கேட்டாள் அம்மா.

"இல்லம்மா."

"அப்ப இவன் இங்க இருக்கறது அவளுக்குத் தெரியுமா?"

இனி அந்தப் பக்கம் பட்டை விழாது என்று பாய் வாக்குக் கொடுத்தார். அம்மா கொண்டுவந்திருந்த சாமந்தியில் பாதியை மட்டும் வைத்துவிட்டு, மீதியை மடியில் முடிந்துகொண்டாள்.

திரும்பும் வண்டியில் கேட்டேன்: "அது யாருக்கும்மா?"

"பஸ்ராவுலயும் கோயிலு இருக்கும்ல. நீதான் இங்கிலீஷ்ல எழுதுவியே. இதைக் காய வெச்சு கடுதாசிக்குள்ள வெச்சு அனுப்பு. அங்கயும் யாராச்சும் தேடிப் பாக்கட்டும்."

சாமந்தி இப்போது ஜன்னலில் காய்கிறது. கடிதத்தை இன்றிரவு தொடங்குகிறேன்.